தொட்டால் நடக்கும்

வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி, காட்டியதும் அங்கேயே அமுக்கி, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற தொழில் பிசியோதெரபி.

நீங்களும் இதே தொழில் என்றால் நான் சொல்லப்போவது உங்கள் கட்டைவிரலுக்குத் தெரியும். இல்லாவிட்டாலும், கைகால் வராமல் படுத்துவிட்ட ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து உங்கள் முதுகு பிடித்துக்கொண்டது உண்டென்றால், நீங்களும் எங்கள் கட்சிதான். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறோம், வாருங்கள்.

மதுரையில் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். நானும் உதவிக்கு ரேவதியும். காலையில் கிளினிக்; சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு வீடாக. படிக்கும்போது மூளை உத்தரவு போடும், தசை கேட்கும், கை நகரும் என்று மனப்பாடம் செய்தேன். ஆனால் மூளை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற அதிகாரி இல்லை. தோலிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும். சேதி நின்றால் திணறும். சின்னதாக ஒரு சேதி கொடுத்தாலும் சில சமயம் குதித்து எழுந்துவிடும். இதை எனக்குப் புரியவைத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

கண்டக்டர் கையில் காகிதக் கப்பு

பாண்டி அண்ணன் மேலூர் ரூட்டில் கண்டக்டர். லேசாக ஒரு பக்கவாதம் வந்து, சீக்கிரமே தேறிவிட்டார். வலது கைக்குப் பலம் நன்றாகத் திரும்பியிருந்தது. முதல் நாள் எனக்குக் கை கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிரச்சினை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. "கையில எதக் குடுத்தாலும் நசுக்கிப்புடுறாரு டாக்டரம்மா. டீயக் குடுத்தா கப்பு நசுங்கி வேட்டியெல்லாம் டீ. எம்மேல இருக்குற கோவத்த இட்லி மேல காட்டுறாரு."

அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வலது உள்ளங்கையில் என் ஸ்கூட்டர் சாவியை வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். என்ன இது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஏதாச்சும் குடுத்துட்டுக் கேளுங்க. சும்மா கேட்டா எப்பிடிச் சொல்றது?" என்றார். சாவி அவர் கைக்குள்தான் இருந்தது. அப்போதுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கியது. ஒரு பொருளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை விரல் நுனித் தோல்தான் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நழுவுகிறதா, போதுமா, இன்னும் கொஞ்சமா என்று. அந்தச் சேதி வரவில்லை என்றால் மூளை எதற்கு வம்பு என்று முழுப் பலத்தையும் போட்டுவிடும். அண்ணனுக்குக் கோபமே இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு பேசினில் அரிசியைக் கொட்டி அதற்குள் சாவி, பொத்தான், புளியங்கொட்டை, நட்டு, காசு என்று புதைத்துவைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே துழாவி, எடுத்தது என்னவென்று சொல்ல வேண்டும். நாள்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணத் தொறந்தாத் தெரியுது, மூடினா கை எங்க இருக்குன்னே தெரியல. இனிமே எனக்கு எவன் டியூட்டி குடுப்பான்?" என்று ஒரு நாள் பேசினைத் தள்ளிவிட்டார். ரேவதி சிந்திய அரிசியைப் பொறுக்கினாள். அண்ணனும் சங்கடத்தோடு கூடவே குனிந்து பொறுக்கினார். நல்ல பயிற்சி என்று நான் தடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை. துழாவிக்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றது. கட்டைவிரல் மெதுவாக அதன் விளிம்பைச் சுற்றி வந்தது. நகம் ஒருமுறை கீறிப் பார்த்தது. முகத்தில் வெளிச்சம் வந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இது நாலணா. செல்லாத காசக் குடுத்து ஏமாத்தப் பாத்தீங்க, பாதியிலேயே எறக்கிவிட்ருவேன், ஆமா."

கூச்சம்

போலீஸ்காரர் ஒருவர் முழங்கால் சவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்து வந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். மீசையைப் பார்த்து வெயிட்டிங்கில் இருந்தவர்கள் தாமாகவே நகர்ந்து உட்கார்ந்தார்கள். கட்டிலில் படுக்கவைத்து முழங்காலுக்குப் பின்னால் கை வைத்தேன். "ஹிஹிஹி" என்று ஒரு சத்தம். கால் பறந்து போய் ஸ்டூலை உதைத்தது. மறுபடி வைத்தேன். மறுபடி ஹிஹிஹி. திரைக்கு அந்தப் பக்கம் தோள்பட்டை வலிக்கு வந்திருந்த அம்மாவும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தொட விடாத காலுக்கு நான் எங்கே போய் வைத்தியம் செய்ய?

"என் கைமேல ஒங்க கைய வைங்க சார். நீங்களே என் கைய எங்க வேணுமோ அங்க தள்ளிட்டுப் போங்க" என்றேன். வைத்தார். தள்ளினார். கால் கட்டை மாதிரி அசையாமல் கிடந்தது. தன் கையே ஓட்டுகிறது என்றால் தொடுகை எங்கே வரப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால் துள்ளாது. யாரும் தனக்குத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். அவர் ஆச்சரியமாகத் தன் காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஒரு அக்யூஸ்டும் பயப்பட மாட்டான்."

முகம் கொடுத்துப் பேசாதவர்

வக்கீல் ஒருவருக்குக் கழுத்து தானாகவே இடது பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் திருப்பவில்லை, அதுவே போனது. கோர்ட்டில் நீதிபதி நேரே உட்கார்ந்திருப்பார், இவர் ஜன்னலைப் பார்த்து வாதாடுவார். மரியாதை தெரியாதவர் என்று பேச்சு வந்தது. வீட்டில் அதைவிட மோசம். சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு வழக்கமான இடம் அவருக்கு வலது பக்கம். "என்னத்தக் கேட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு" என்று அந்த அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

கழுத்து வலிக்கு என்று வந்தவர், பேசப் பேசத் தாடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டார். தலை நேரே வந்து நின்றது. விரலை எடுத்தார், இடது பக்கம் போனது. "சார், அந்த விரல மறுபடி வைங்க" என்றேன். திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி கையை மடியில் ஒளித்தார். பிறகு மெல்ல விஷயம் வந்தது. லேசாகத் தொட்டாலே போதுமாம், தள்ளவே வேண்டாமாம், தலை நேராகிவிடுமாம். கோர்ட்டிலும் அப்படித்தான் ஆழ்ந்து யோசிக்கிற மாதிரி சமாளிக்கிறாராம். யாரிடமும் சொன்னதில்லை. "நெசமான வியாதின்னா ஒரு விரலுக்குக் கட்டுப்படுமா மேடம்? நானே நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம். என்னைய நானே குறுக்கு விசாரணை பண்ணி ராத்திரித் தூக்கம் போச்சு."

கழுத்துத் தசைகளை மூளை தப்பாக இழுப்பதால் வருகிற நிஜமான வியாதி அது. தாடையில் விரல் பட்டதும் அந்தத் தொடுகை மூளையின் இழுபறியைக் கொஞ்ச நேரம் சரி செய்துவிடும். உலகம் முழுக்க இந்த வியாதிக்காரர்கள் பலர் தாமாகவே இதைக் கண்டுபிடித்து, தாமாகவே வெட்கப்பட்டு, மறைத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். பெரிய மனிதர், சட்டென்று கண் கலங்கிவிட்டார். நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். அதற்கென்று ஓர் ஊசி உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். முதல் ஊசி வேலை செய்த பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அவர் நேராக மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ஊசி போட்டாத்தான் முகங்கொடுத்துப் பேசுவாருன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணமான புதுசுலயே போட்டுவிட்டிருப்பேன்."

ஒற்றைச் செருப்பு

மஹால் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுப்புராமன் ஐயாவை அவர் குடும்பமே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தது. படியேறி உள்ளே வந்தவரின் ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. அவருக்கு அது தெரியாது. ஆட்டோக்காரர் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நீண்டகாலச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியே இல்லை. வந்த காரணம் வேறு: அடிக்கடி விழுகிறார். அதுவும் எப்போதும் பாத்ரூமில், முகம் கழுவும்போது மட்டும். பிரஷரா, தலைசுற்றலா, இல்லை வீட்டில் ஏதாவது காத்துக் கருப்பா என்று என்னிடம் கேட்டுவிட்டு, தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டார்கள். 'மேடம்', 'பாத்ரூம்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் எனக்குப் பிடிபட்டன.

நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். பெரிய உருவம் தென்னை மாதிரி ஆடியது. நானும் அவர் மகனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பாதம் சேதி சொல்வதை நிறுத்திவிட்டதால், அவர் இத்தனை நாளும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார். சோப்புப் போட்டு முகம் கழுவும்போது கண்ணை மூடினார் இல்லையா, அதுவும் போச்சு. "செவுத்துல ஒரு விரல வைச்சுக்கங்க ஐயா. பிடிக்க வேணாம், சாய வேணாம், சும்மா தொட்டுக்கிட்டு நின்னாப் போதும்" என்றேன். "ஒத்த விரலு என்னையத் தாங்குமாக்கும்? நான் எம்புட்டு வெயிட்டுன்னு தெரியுமா?" என்று சிரித்தார். விரல் தாங்குவதற்காக இல்லை, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வதற்கு. அவர் நம்பவில்லை. சுவரில் விரலை வைத்துக் கண்ணை மூடவைத்தேன். ஆட்டம் அடங்கியது. எடுத்தார், ஆடினார். வைத்தார், நின்றார். பிறகு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். காலுக்கும் பயிற்சி கொடுத்தோம், பின்வார் வைத்த செருப்பு வாங்கவைத்தோம்.

அடுத்த முறை வந்தபோது, விழுகிறாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "அதெல்லாம் விழறதே இல்ல மேடம். ஆனா செவுத்துல வரிசையா இருக்குற விரல் அழுக்கப் பாத்துட்டு, வீட்டுக்கு வர்றவங்கல்லாம் எந்தப் பேரன் வந்திருக்கான்னு கேக்குறாங்க."

நானும் ஒரு கேஸ்

எனக்குக் கடைவாய்ப் பல்லில் வேலை இருந்தது. ஊசி போட்டு மரக்கவைத்து, வேலையை முடித்து அனுப்பினார்கள். அடுத்த அரை மணியில் கிளினிக்கில் ஆள் காத்திருந்ததால் நேராக வந்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன், பாதி சட்டையில் வழிந்தது. "வேவதி, ஹாவல எவு" என்றேன். ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். டவலை எடுக்கவில்லை, போனை எடுத்தாள். எத்தனை பக்கவாதக்காரர்களைப் பார்த்தவள்! "மேடம், ரெண்டு கையையும் தூக்குங்க, தூக்குங்க" என்று எனக்கே பரிசோதனை செய்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்குள் பல் டாக்டரின் சீட்டைக் காட்டித் தப்பித்தேன்.

காத்திருந்தவர் செல்லூர் ஜெயா. முகவாதத்தில் ஒரு பக்கம் கோணிப்போய் வந்தவர், இப்போது ஏறக்குறையச் சரியாகிவிட்டார். 'ப', 'ம' என்று சொல்லவைப்பதும் கன்னத்தில் காற்றடைத்து ஊதவைப்பதும்தான் பயிற்சி. நான் செய்து காட்ட வேண்டும். என் 'ப'வில் எச்சில் தெறித்தது. ஊதிய காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போனது. என் உதட்டுத் தசை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உதடு எங்கே இருக்கிறது, மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்ற சேதி மட்டும்தான் சில மணி நேரத்துக்கு நின்றுபோயிருந்தது. அதற்கே இந்தக் கதி. ஜெயா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து என் முன்னால் பிடித்தார். "பதறாதீங்க மேடம். கண்ணாடியப் பாத்துக்கிட்டே மெதுவாப் பண்ணுங்க. எனக்கே சரியாயிருச்சு, ஒங்களுக்கு ஆகாதா?"

மண்டப வாசலில்

முத்தையா சார் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை லெஃப்ட் ரைட் போடவைத்தவருக்குப் பார்க்கின்சன் வியாதி வந்து, நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. வாசல்படியைக் கண்டால் நிற்கும். குறுகலான இடத்தைக் கண்டால் நிற்கும். ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க அடிக்க இன்னும் இறுகியது. யாரோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டார்கள். அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார். நான் தரையில் கோடு போட்டேன், தாளம் தட்டினேன், கொஞ்சம் உதவியது. நன்றாக வேலை செய்தது ஒன்றுதான். ஒட்டிக்கொள்ளும்போது இடுப்பின் பக்கவாட்டில் லேசாக உள்ளங்கையை வைத்து, வலமும் இடமுமாக மெல்ல அசைத்தால், பாரம் ஒரு காலுக்குப் போய் மற்றக் கால் தானாக விடுபடும். முன்னால் இழுத்தால் மட்டும் கெட்டது. இன்னும் இறுகி, ஆளே கவிழ்ந்துவிடுவார். நான் தினமும் கூட இருக்க முடியாது, மகன் பெங்களூரில். அவர் மனைவி பாக்கியம் அம்மாவைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். "அய்யய்யோ, நானா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அடுத்தவர் முன்னால் கணவரைத் தொட்டதில்லையாம். காபி டம்ளரைக்கூடக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைக்கிறவர். கடைசியில், தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பயிற்சி என்ற நிபந்தனையில் சம்மதித்தார். சாரோ பழைய வாத்தியார் குணம் போகாமல், "லேட்டா அசைக்கிற பாக்கியம், டைமிங் வேணும் டைமிங்" என்று அதட்டுவார். அம்மா சிரித்து, சார் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே கால் நகர்ந்துவிடும்.

பாக்கியம் அம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. இவர்கள் வீட்டில் தங்கிப் படித்த பெண். சார் வரமாட்டேன் என்றார். மறுபடி நாலு பேர் பார்க்க நிற்க வேண்டுமா என்று. அந்தப் பெண் நேரில் வந்து, "மாமா, நீங்க முன் வரிசையில இல்லேன்னா நான் தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். அன்றைக்கு நான் மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். காரிலிருந்து இறங்கி முற்றத்தில் சார் நன்றாகத்தான் நடந்து வந்தார். வாசலில் சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு, விரித்த கம்பளத்தின் ஓரம், வீடியோக்காரரின் விளக்கு. கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் கூட்டம் சேர்ந்தது. உள்ளே முகூர்த்த நேரம் நெருங்கியது. "வாங்க மச்சான், ஏன் நின்னுட்டீங்க" என்று தம்பி ஆசையாக ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை. சாரின் முகம் வெளுத்தது. நான் எழுந்து ஓடினேன். பட்டுச்சேலைகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் வழியே கிடைக்கவில்லை.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "விடுடா கைய." பாக்கியம் அம்மா. கைப்பையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் திணித்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். மொத்தச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கணவரின் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, காதருகே "ம்... ம்..." என்றபடி மெல்ல வலமும் இடமும் அசைந்தார். அவரும் கூடவே அசைந்தார். சந்தனம் கொடுக்கக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வலது கால் கிளம்பியது. பிறகு இடது. வாசலைத் தாண்டியாகிவிட்டது, அப்போதும் அம்மா கையை எடுக்கவில்லை. முன் வரிசை வரை அப்படியே வந்தார்கள். மேடையில் கல்யாணப் பெண் எழுந்து நின்றேவிட்டாள், அய்யர் உட்காரச் சொல்லச் சொல்ல. நான் பாதி வழியில், யாரோ ஒருவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

சாரை உட்காரவைத்ததும், தம்பி மனைவி கேலியாகக் கேட்டார்: "என்ன மதினி, அம்புட்டுப் பேரு முன்னாடி இப்பிடி ஆடிக்கிட்டே கூட்டியாறீங்க?" பாக்கியம் அம்மா முந்தானையை எடுத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்து, கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "என் புருசன நான் தொடுறேன். ஆசையா இருந்தா ஒம் புருசன நீ போயித் தொடு."

ஆக, தோழர்களே, எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காத ஒன்றைத்தான் நாம் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதையும் வாங்கிக்கொண்டு நம் ஆட்கள் வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "இத சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றுதான் கேட்கிறார்கள்.